வீட்டு வைஃபையும் கம்பிவழி அணுகற் புள்ளியும்



கணினி வலையமைப்பு என்னும் அலகைப் படிக்கும்போது வழிப்படுத்தப்பட்ட ஊடகம், வழிப்படுத்தப்படாத ஊடகம் என்னும் இரண்டையும் மனனம் செய்கின்றோம். செப்புக் கம்பியும் ஒளியியல் நாரும் முதலாவது வகை. வானொலி அலைகள் இரண்டாவது வகை. இவற்றின் வேறுபாட்டை எழுதிப் பரீட்சையில் புள்ளி பெறலாம். அதே வேறுபாடு நீங்கள் படிக்கும் மேசையிலும் இருக்கின்றது. அதனை விளங்கிக்கொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. பிரச்சினை யாது?

மதுரங்குளியில், கொழும்பு - புத்தளம் வீதியிலிருந்து சற்று உள்ளே, தென்னந்தோட்டத்தோடு அமைந்த ஒரு வீட்டை மனத்திற் கொள்வோம். இணைய இணைப்பின் ரவுட்டர் முன் ஹோலில் உள்ளது. சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றவிருக்கும் மகளின் அறையோ குசினியைத் தாண்டி வீட்டின் பின்புறத்தில் உள்ளது. இடையே மூன்று சீமெந்துக்கல் சுவர்கள். தூரம் ஏறத்தாழ 15 மீற்றர்.

ஹோலில் கைப்பேசி முழுச் சமிக்ஞையைக் காட்டுகின்றது. அறையில் ஒரு கோடு மட்டுமே தெரிகின்றது. ஈ-தக்சலாவ தளத்தில் பாடத்தைத் திறந்தால் அது பாதியில் நின்றுவிடுகின்றது. ஆகவே அவள் தொலைக்காட்சிச் சத்தத்தின் நடுவே ஹோலில் இருந்து படிக்கின்றாள். "இன்னும் கூடிய பக்கேஜ் எடுக்க வேண்டும்" என்று வீட்டார் எண்ணுகின்றனர். அது சரியான தீர்வா?

2. முதலில் குறைபாட்டை இனங்காண்க

வீட்டு இணையம் இரண்டு இணைப்புகளால் ஆனது.

(அ) வெளியிலிருந்து ரவுட்டர் வரை வரும் இணைப்பு. இது தொலைபேசிக் கம்பி, ஒளியியல் நார் அல்லது 4ஜீ கோபுரம் வழியாக வரலாம்.
(ஆ) ரவுட்டரிலிருந்து உங்கள் கைப்பேசி அல்லது கணினி வரை செல்லும் வைஃபை இணைப்பு.

எது பழுது என்பதை அறிய ஓர் எளிய சோதனை உண்டு. ரவுட்டருக்கு அருகில் நின்று வேகத்தை அளந்து பாருங்கள். பின்னர் அறையில் அளந்து பாருங்கள். அருகிலும் வேகம் குறைவாயின் குறை (அ) இல் உள்ளது. அருகில் நன்றாகவும் அறையில் மோசமாகவும் இருப்பின் குறை (ஆ) இல் உள்ளது.

கொவிட் தொற்றினால் 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்ட பின்னர் கற்பித்தல் இணையத்துக்கு மாறியது. 2021 இல் மலைப்பாங்கான பொகிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகள் சமிக்ஞை கிடைக்கும் குன்றின் உச்சிக்கு 3 கிலோமீற்றருக்கு மேல் நடந்து சென்று பாடங்களைப் பெற்றனர். அது (அ) வகைக் குறைபாடு. கோபுரத்தின் சமிக்ஞையே எட்டாத இடத்தில் வீட்டினுள் எந்தச் சாதனத்தைப் பொருத்தினாலும் பயனில்லை. நாம் எடுத்துக்கொண்ட வீட்டின் குறைபாடோ (ஆ) வகையைச் சேர்ந்தது. இதற்குக் கூடிய பக்கேஜ் தேவையில்லை. ஹோல் வரை வந்த வேகத்தை அறை வரை கொண்டுசெல்வதே தேவை.

3. அலை ஏன் வலுவிழக்கின்றது?

வைஃபை பெரும்பாலும் 2.4 கிகாஹேர்ட்ஸ், 5 கிகாஹேர்ட்ஸ் என்னும் மீடிறன் பட்டைகளில் இயங்குகின்றது. விஞ்ஞான பாடத்தில் கற்ற சமன்பாட்டை இங்கு பிரயோகிப்போம்.

வேகம் = மீடிறன் × அலைநீளம்

2.4 கிகாஹேர்ட்ஸ் அலையின் அலைநீளம் = 300,000,000 ÷ 2,400,000,000 = 0.125 மீற்றர், அதாவது 12.5 சென்ரிமீற்றர்.
5 கிகாஹேர்ட்ஸ் அலையின் அலைநீளம் = 6 சென்ரிமீற்றர்.

அலை வலுவிழப்பதற்கு மூன்று காரணங்கள் உள்ளன.

• தூரம்: தடையற்ற வெளியில் தூரம் இரு மடங்காகும்போது கிடைக்கும் வலு நான்கில் ஒன்றாகும்.
• உறிஞ்சல்: சீமெந்துச் சுவர், ஈரச் சுவர், நீர்த்தாங்கி என்பன அலையின் சக்தியை உறிஞ்சும். 5 கிகாஹேர்ட்ஸ் அலை வேகமாகத் தரவைக் கொண்டுசெல்லும். ஆயினும் சுவர்களைக் கடப்பதில் 2.4 இலும் பின்தங்கும்.
• தெறிப்பு: தகரம், இரும்பு அலுமாரி, முகம் பார்க்கும் கண்ணாடி என்பன அலையைத் தெறிக்கச் செய்யும்.

எனவே செலவின்றிச் செய்யக்கூடிய முதற்காரியம் ரவுட்டரை வீட்டின் நடுப்பகுதியில், உயரத்தில், திறந்த இடத்தில் வைப்பதாகும். அதுவும் போதாதபோதே அடுத்த படிக்குச் செல்ல வேண்டும்.

4. மீளனுப்பியா, அணுகற் புள்ளியா?

கடைகளில் இரண்டு சாதனங்கள் கிடைக்கும். ஒன்று, ரவுட்டரின் அலையை வாங்கி மீண்டும் அலையாகவே அனுப்பும் "ரிப்பீட்டர்" என்ற மீளனுப்பி. மற்றையது "அக்சஸ் பொயின்ட்" எனக் கேட்டு வாங்கும் அணுகற் புள்ளி. இது ரவுட்டரிலிருந்து வடத்தின் வழியாகத் தரவைப் பெற்று, தான் இருக்கும் இடத்தில் புதிதாக வைஃபை அலையைப் பரப்பும்.

மீளனுப்பியைப் பொருத்துவது எளிது. ஆனால் ஒரே அலைவரிசையில் இயங்கும் மீளனுப்பி ஒவ்வொரு தரவையும் ஒருமுறை வாங்கி மறுமுறை அனுப்ப வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் நடவா. ஆகவே கிடைக்கும் வேகம் ஏறத்தாழ அரைவாசியாகும். வடமோ சுவரைக் கடக்கும்போது வலுவிழப்பதில்லை. முறுக்கிய சோடி வடம் 100 மீற்றர் வரை தரவைக் குறைவின்றிக் கொண்டுசெல்லும். கெட் 5ஈ வகை வடத்தில் செக்கனுக்கு 1 கிகாபிற் வரை அனுப்பலாம்.

உதாரணம்: 90 மெகாபைற் அளவுள்ள பாடக் காணொளி ஒன்றைப் பதிவிறக்குவோம். 1 பைற் = 8 பிற் என்பதால் 90 × 8 = 720 மெகாபிற்.

• தற்போது அறையில் கிடைக்கும் வேகம் செக்கனுக்கு 2 மெகாபிற் எனின்: 720 ÷ 2 = 360 செக்கன், அதாவது 6 நிமிடம்.
• மீளனுப்பிக்கு 16 மெகாபிற் கிடைத்து, அதில் அரைவாசியான 8 மெகாபிற் அறைக்கு வருமெனின்: 720 ÷ 8 = 90 செக்கன்.
• ஹோலில் உள்ள 20 மெகாபிற் வேகம் வடத்தின் மூலம் முழுமையாக வருமெனின்: 720 ÷ 20 = 36 செக்கன்.

மூன்று சந்தர்ப்பங்களிலும் பக்கேஜ் ஒன்றே என்பதைக் கவனிக்க.

5. பொருத்தும் முறை

புதிய சாதனம் வாங்க வசதியில்லையெனின், பாவனையிலில்லாத பழைய வைஃபை ரவுட்டர் ஒன்றையும் அணுகற் புள்ளியாக்கலாம். அதற்கான படிமுறை வருமாறு.

படி 1: பழைய ரவுட்டரைக் கணினியுடன் இணைத்து, அதன் அமைப்புப் பக்கத்தைத் திறக்கவும்.
படி 2: அதன் ஐ.பி. முகவரியை மாற்றவும். பிரதான ரவுட்டர் 192.168.1.1 எனின், இதற்கு 192.168.1.2 என வழங்கலாம். இம்முகவரி வேறு சாதனங்களுக்கு வழங்கப்படாதவாறு பார்த்துக்கொள்ளவும்.
படி 3: அதன் டி.எச்.சி.பி. சேவையை நிறுத்தவும். சாதனங்களுக்கு ஐ.பி. முகவரி வழங்குவது இச்சேவையே. ஒரே பரீட்சை மண்டபத்திற்கு இருவர் தனித்தனியே சுட்டெண் வழங்கினால் இரண்டு மாணவருக்கு ஒரே எண் கிடைக்கக்கூடுமல்லவா? அதே குழப்பம் வலையமைப்பிலும் ஏற்படும். முகவரி வழங்கும் பொறுப்பு பிரதான ரவுட்டருக்கு மட்டுமே உரியது.
படி 4: வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் பிரதான ரவுட்டரில் உள்ளவாறே இடவும். அப்போது ஹோலிலிருந்து அறைக்குச் செல்லும்போது கைப்பேசியில் மீண்டும் கடவுச்சொல் இட வேண்டியதில்லை. பாதுகாப்பு முறையாக டபிள்யூ.பி.ஏ.2 அல்லது அதற்குப் பிந்தியதைத் தெரிவு செய்க.
படி 5: 2.4 கிகாஹேர்ட்ஸ் பட்டையில் ஒன்றோடொன்று மேற்படியாத அலைவரிசைகள் 1, 6, 11 ஆகும். பிரதான ரவுட்டர் 1 இல் இயங்கினால் இதனை 6 அல்லது 11 இல் இயக்கவும்.
படி 6: பிரதான ரவுட்டரின் லேன் துளையிலிருந்து வடத்தை எடுத்து, பழைய ரவுட்டரின் லேன் துளையில் செருகவும். வேன் துளையில் செருகக்கூடாது.

வடத்தின் முனையில் ஆர்.ஜே.45 செருகியைப் பொருத்தும்போது இரு முனைகளிலும் ஒரே நிறவொழுங்கைப் பின்பற்ற வேண்டும். 568பி ஒழுங்கு: வெள்ளை-செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-கபிலம், கபிலம்.

6. கரையோர வீடுகளில் கவனிக்க வேண்டியவை

• உப்புக் காற்று உலோகத் தொடுகைகளை அரிக்கும். செருகிகளை வீட்டினுள்ளேயே வைத்திருக்கவும். முழுச் செம்பினாலான வடத்தை வாங்கவும்.
• வடத்தை மின்கம்பிக்கு ஒட்டியவாறு கொண்டுசெல்லக்கூடாது. சுவரில் துளையிடும் வேலையைப் பெரியவர்களிடம் விடுக.
• படிக்கும் அறை முற்றத்திற்கு அப்பால் தனிக் கட்டடமாயின், வெளியே செல்லும் செப்பு வடம் மின்னலின்போது ஆபத்தானது. அங்கு மின்னைக் கடத்தாத ஒளியியல் நார் சிறந்தது. இடைப்பருவக் காலங்களான மார்ச் - ஏப்ரல், ஒக்டோபர் - நவம்பர் மாதங்களில் இடிமின்னல் அதிகம். இடி தொடங்குமுன் சாதனங்களின் மின்செருகிகளைக் கழற்றிவிடுக.

7. மாதிரி வினாவும் விடையும்

வினா: ஒரு வீட்டில் ரவுட்டருக்கு அருகில் செக்கனுக்கு 20 மெகாபிற் வேகமும் பின் அறையில் 2 மெகாபிற் வேகமும் கிடைக்கின்றன.
(i) குறைபாடு எந்த இணைப்பில் உள்ளது? காரணம் தருக.
(ii) மிகப் பொருத்தமான தீர்வைக் கூறுக.
(iii) அத்தீர்வு இணைய வேகத்தை 20 மெகாபிற்றிலும் கூட்டுமா?

விடை:
(i) ரவுட்டருக்கும் அறைக்கும் இடைப்பட்ட வைஃபை இணைப்பில். ரவுட்டருக்கு அருகில் வேகம் போதியளவு இருப்பதால் வெளி இணைப்பில் குறையில்லை.
(ii) ரவுட்டரிலிருந்து முறுக்கிய சோடி வடத்தை அறை வரை கொண்டுசென்று அங்கு அணுகற் புள்ளியைப் பொருத்துதல்.
(iii) கூட்டாது. வீட்டிற்கு வரும் வேகமே உச்ச அளவாகும். அணுகற் புள்ளி அதனைக் குறையாமல் அறைக்குக் கொண்டுசேர்க்கும்.

நினைவிற் கொள்க: கம்பியில்லா வலையமைப்பு என்றாலும் அதன் பின்னால் கம்பி உண்டு. நீண்ட தூரத்தையும் சுவர்களையும் வடம் கடக்கட்டும். மேசைக்கு அருகிலுள்ள சில மீற்றர்களை மட்டும் அலை கடக்கட்டும். இதனை விளங்கிய மாணவர் வினாவுக்கும் விடையளிப்பார். தம் வீட்டின் பின் அறையில் அமைதியாக இருந்தும் படிப்பார்.