தேதி தெரியாத கம்ப்யூட்டர்

சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய செகண்ட் ஹேண்ட் கம்ப்யூட்டர் ஒன்று திருவொற்றியூரில் ஒரு வீட்டுக்கு வந்து சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஏதோ ஓர் அலுவலகத்தில் ஏழெட்டு ஆண்டு உழைத்துவிட்டு, கழித்துக் கட்டப்பட்டு, கோடவுனில் கொஞ்ச காலம் கிடந்த பெட்டி. கேபிள்காரர் வைத்துவிட்டுப் போன ரூட்டரிலிருந்து லேன் கேபிளை இழுத்துப் பின்பக்கம் செருகினால் டிக்கென்று பூட்டிக்கொள்கிறது. பச்சை விளக்கு எரிகிறது. ரூட்டரும் 192.168 என்று தொடங்கும் முகவரி ஒன்றைக் கொடுத்துவிட்டது. ஆனால் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் இணைப்பு பாதுகாப்பானது அல்ல என்றே எச்சரிக்கை வருகிறது. கேபிள்காரரைக் கூப்பிட்டால், அவர் தன் போனில் பார்த்துவிட்டு நெட் நன்றாகத்தானே வருகிறது என்கிறார்.

காசிமேட்டிலும் எண்ணூரிலும் இப்படி ஆனால் முதல் சந்தேகம் உப்புக் காற்றின் மேல்தான் விழும். நியாயமான சந்தேகம். செம்பில் பச்சை பூக்க வைக்கும் காற்று அது. நல்ல லேன் பிளக்கின் எட்டு தொடுமுனைகளுக்கும் மெல்லிய தங்கப் பூச்சு கொடுப்பதே இப்படிப்பட்ட அரிப்புக்குப் பயந்துதான். ஆனால் விளக்கும் எரிந்து முகவரியும் கிடைத்துவிட்டதென்றால் கம்பியில் கோளாறு இல்லை. திரையின் வலது கீழ் மூலையைப் பாருங்கள். அங்கே 2012 ஜனவரி 1 என்று இருக்கலாம்.

மதர்போர்டில் 20 மி.மீ. அகலத்தில், 3.2 மி.மீ. கனத்தில் ஒரு பட்டன் பேட்டரி உண்டு. 3 வோல்ட் லித்தியம் பேட்டரி. பெட்டி அணைந்திருக்கும்போதும் கடிகாரத்தை ஓட்டுவதுதான் இதன் முக்கிய வேலை. பிளக்கில் மின்சாரம் இருக்கும்வரை இதற்குப் பெரும்பாலும் வேலை இல்லை. அதனால்தான் அலுவலகத்தில் பல ஆண்டு தாக்குப்பிடிக்கும் பேட்டரி, கம்பி பிடுங்கப்பட்டுக் கோடவுனில் கிடக்கும்போது காலியாகிவிடுகிறது. அடுத்த முறை உயிர் பெறும் கம்ப்யூட்டர், தன்னைச் செய்த காலத்தை ஒட்டிய ஏதோ ஒரு தேதியிலிருந்து மறுபடி எண்ணத் தொடங்குகிறது.

அது எண்ணும் விதம் அழகானது. பேட்டரிக்குப் பக்கத்தில் குவார்ட்ஸ் படிகம் ஒன்று நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. இந்த எண்ணைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. இதைப் பதினைந்து முறை பாதியாக்கினால் சரியாக ஒன்று மிஞ்சும். பாதியாக்கும் சின்னஞ்சிறு சுற்றுகளைப் பதினைந்து வரிசையாக வைத்தால் போதும், ஒரு நொடி கிடைத்துவிடும். சில மைக்ரோஆம்பியரில் முடிந்துவிடும் வேலை. ஆனால் இந்தப் படிகம் பத்து லட்சத்தில் இருபது பங்கு பிசகினாலே ஒரு நாளைக்கு 1.7 நொடி தப்பிப்போகும்.

தேதி தப்பினால் பக்கம் ஏன் திறக்க மறுக்கிறது? ஒவ்வொரு பாதுகாப்பான வலைத்தளமும் தான் யாரென்று காட்ட ஒரு சான்றிதழை நீட்டுகிறது. அதில் புறநகர் ரயில் சீசன் டிக்கெட்டைப் போல, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை செல்லும் என்று எழுதியிருக்கிறது. 2012-இல் வாழும் பிரவுசருக்கு இன்றைய சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. அதனால் ஏற்க மறுக்கிறது. தளத்தின் ரகசியச் சாவி திருடுபோனால் திருடன் அதை என்றென்றும் பயன்படுத்திவிடக்கூடாது, அதற்காகத்தான் இந்தக் கெடு. கெடு ஆண்டுக்கு ஆண்டு இறுகிக்கொண்டே வருகிறது. 2020 செப்டம்பரிலிருந்து அதிகபட்சம் 398 நாள். 2026 மார்ச்சிலிருந்து 200 நாள், 2029 மார்ச்சிலிருந்து 47 நாள் என்று சான்றிதழ் நிறுவனங்களும் பிரவுசர் நிறுவனங்களும் சேர்ந்து முடிவு செய்திருக்கின்றன. கடிகாரம் தப்பிய பெட்டிக்கு இணையத்தில் இனி இன்னும் குறைவான பொறுமையே கிடைக்கும்.

தப்பிய கடிகாரத்துக்குச் சரியான மணி நெட் கம்பி வழியாகவே கிடைக்கும். அப்படிக் கம்பி வழியே மணியைப் பெற்றுக்கொள்வது வடசென்னைக்குப் புதிதல்ல. 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இராயபுரத்திலிருந்து வாலாஜா நோக்கி ஓடத் தொடங்கியது. ஊருக்கு ஊர் சூரியனைப் பார்த்து மணி வைத்துக்கொண்டால் ரயில் ஓட்ட முடியாது. நுங்கம்பாக்கத்தில் 1792-இல் எழுந்த மதராஸ் வானியல் ஆய்வகத்தில் ஜான் கோல்டிங்ஹாம் 1802-இல் மதராஸின் தீர்க்கரேகையைக் கணக்கிட்டார். அதன்படி மதராஸ் நேரம் கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் 14 நொடி முன்னால். அந்த நேரம் தந்திக் கம்பியில் போயிற்று. 1870-களில் இந்திய ரயில்வேக்கள் பொதுவாகப் பின்பற்றியது மதராஸ் நேரத்தைத்தான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐந்தரை மணி என்ற இந்திய நேரம் வந்தபோது இங்கே கடிகாரங்களை ஏறத்தாழ ஒன்பது நிமிடம் முன்னால் தள்ள வேண்டியிருந்தது. ஆய்வகத்தின் கருங்கல் தூண் நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்தில் இன்னும் நிற்கிறது. இராயபுரத்திலிருந்து போய்ப் பார்த்துவிட்டு வரக்கூடிய தூரம்தான்.

இன்று கம்பி வழியே மணியை அனுப்பும் முறைக்கு என்டிபி என்று பெயர். அமெரிக்காவின் டெலாவேர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டேவிட் மில்ஸ் 1980-களில் உருவாக்கியது. இதில் தீர்க்க வேண்டிய சிக்கல் ஒன்று இருக்கிறது. மணி என்ன என்று கேட்டு, பதில் வந்து சேர்வதற்குள் அந்த மணி பழசாகிவிடும். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. ஓடுகிறது. 2002-இல் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே போட்ட ஐ2ஐ கடலடிக் கேபிளின் நீளம் 3,000 கி.மீ.க்கு மேல், ஒரு வழிப் பயணத்துக்கே ஏறக்குறைய 16 மில்லிநொடி ஆகும். (1871-இலேயே மதராஸிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குத் தந்திக் கேபிள் போய்விட்டது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது.) மில்ஸின் முறையில் நான்கு மணிகள் குறிக்கப்படுகின்றன. கேள்வி கிளம்பியது, சர்வரை அடைந்தது, பதில் அங்கிருந்து கிளம்பியது, வீடு வந்தது. முதலும் கடைசியும் நம் கடிகாரப்படி, நடு இரண்டும் சர்வர் கடிகாரப்படி. மொத்த நேரத்திலிருந்து சர்வரில் தங்கிய நேரத்தைக் கழித்தால் போக்குவரத்துக்கு ஆன நேரம். அதில் பாதி ஒரு வழிக்கு. அதைச் சேர்த்துக்கொண்டால் நம் கடிகாரம் எவ்வளவு பிசகியிருக்கிறது என்பது சில மில்லிநொடி துல்லியத்தில் தெரிந்துவிடுகிறது. டெல்லியில் இருக்கும் தேசிய இயற்பியல் ஆய்வகம் இந்திய நேரத்தை அணுக் கடிகாரங்களால் காக்கிறது. சீசியம் அணுவின் 9,192,631,770 அதிர்வுகள் அங்கே ஒரு நொடி. அந்த நேரத்தையும் இந்த வழியாகவே யாரும் கேட்டுப் பெறலாம்.

வழக்கமான என்டிபி உரையாடலுக்குச் சான்றிதழ் தேவையில்லை என்பதால், பக்கம் திறக்காத கம்ப்யூட்டரும் மணி கேட்க முடியும். அப்படியென்றால் கம்பியைச் செருகியதும் தேதி தானாகச் சரியாகிவிட வேண்டாமா? இங்கேதான் ஓர் எச்சரிக்கை உணர்வு குறுக்கே நிற்கிறது. வீட்டுப் பெட்டிகளில் விண்டோஸின் வழக்கமான அமைப்பு, 15 மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம் சொல்லும் சர்வரை நம்புவதில்லை. யாரோ ஏமாற்றப் பார்க்கலாம் அல்லவா? பத்தாண்டு பின்தங்கிய பெட்டிக்கு வீட்டில் ஒருவர் காலண்டரைப் பார்த்து இன்றைய தேதியைக் கையால் அடித்துக் கொடுத்தாக வேண்டும். அதன் பிறகு மிச்சமிருக்கும் பிசகை அது தானே திருத்திக்கொள்ளும்.

தேதியைச் சரிசெய்த பிறகும் சில பெட்டிகள் முரண்டு பிடிக்கும். எந்தச் சான்றிதழில் யார் கையெழுத்திட்டால் நம்பலாம் என்ற பட்டியல் கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கிறது, அதற்கும் வயதாகிறது. பல கோடித் தளங்கள் நம்பியிருந்த ஒரு பழைய வேர்ச் சான்றிதழ் 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியானபோது, புதுப்பிக்கப்படாத கருவிகள் உலகெங்கும் பல தளங்களைத் திறக்க முடியாமல் நின்றன. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியோடும் விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபரோடும் மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. அலுவலகங்கள் கழித்துத் தள்ளும் நல்ல பெட்டிகள் இனி இன்னும் அதிகமாகச் சந்தைக்கு வரும் என்றே நினைக்கிறேன். அவற்றில் லினக்ஸ் போடுவதுதான் என் பரிந்துரை. சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் தமிழிலேயே இயங்கும், காசும் இல்லை.

வாங்கும்போது கடையிலேயே புது பட்டன் பேட்டரி போடச் சொல்லுங்கள், அது பெரிய செலவில்லை. தேதியைச் சரியாக வைத்து, பிளக்கைப் பிடுங்கி, ஐந்து நிமிடம் கழித்து நெட் கேபிள் செருகாமல் மறுபடி போட்டுக் காட்டச் சொல்லுங்கள். தேதி நிற்கிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.