கரண்ட் அக்கவுன்ட்டில் சத்தமில்லாமல் கழியும் பணம்: சிறு வியாபாரிகள் கவனத்திற்கு

மொத்தக் கடையில் மூட்டைக்குப் பத்து ரூபாய் குறைக்கச் சொல்லி அரை மணி நேரம் பேசுகிறோம். கடை வாடகையை ஐநூறு ரூபாய் ஏற்றினால் தூக்கம் போய்விடுகிறது. ஆனால் நம் கடையின் வங்கிக் கணக்கிலிருந்து மாதாமாதம் கழியும் முந்நூறு, எழுநூறு, ஆயிரம் ரூபாயை நம்மில் பலர் பார்ப்பதே இல்லை. ஸ்டேட்மென்ட்டில் புரியாத சுருக்கெழுத்தில் ஒரு வரி வரும், கூடவே ஜிஎஸ்டி என்று இன்னொரு வரி வரும். வருடக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் ஒரு மாத வாடகை அளவுக்குப் போயிருக்கும்.

மளிகைக் கடை, பிரியாணிக் கடை, செருப்புக் கடை, ஜவுளி, தோல் பொருள், மொபைல் சர்வீஸ், சிறிய பிரைவேட் லிமிடெட் நிறுவனம் என எது நடத்தினாலும் இந்தக் கட்டணங்கள் பொதுவானவை. எந்த வங்கி நல்ல வங்கி என்று ஒரே பதில் சொல்ல முடியாது. உங்கள் வியாபாரத்துக்கு எந்தக் கணக்கு பொருந்தும் என்பதை நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அதற்கான வழிதான் இந்தக் கட்டுரை.

வட்டி இல்லாத கணக்கு, ஆனால் இலவசமல்ல

கடையின் பெயரிலோ நிறுவனத்தின் பெயரிலோ சேமிப்புக் கணக்கு தொடங்க ரிசர்வ் வங்கி விதி இடம் தருவதில்லை. நடப்புக் கணக்கு, அதாவது கரண்ட் அக்கவுன்ட்தான் தொடங்க வேண்டும். இந்தக் கணக்கில் இருக்கும் பணத்துக்கு வங்கி வட்டி தரக் கூடாது என்பதும் ரிசர்வ் வங்கியின் விதியே. வட்டியை விட்டு ஒதுங்க நினைக்கும் நமக்கு இது ஒரு நிம்மதி. இந்தியாவில் வட்டியில்லா வங்கிச் சேவைக்குத் தனிப்பிரிவு தொடங்கும் யோசனையைத் தொடர்வதில்லை என்று 2017இல் ரிசர்வ் வங்கி முடிவெடுத்த பிறகு, பெரும்பாலான முஸ்லிம் வியாபாரிகளுக்கு இருக்கும் எளிய வழி கரண்ட் அக்கவுன்ட்தான்.

இந்தக் கணக்கில் வங்கி ஒவ்வொரு வேலைக்கும் கட்டணம் வாங்குகிறது. செய்த வேலைக்குக் கூலி வேறு, வட்டி வேறு. கூலி கொடுப்பதில் தவறில்லை. தேவையில்லாத கூலியைத் தெரியாமலே கொடுத்துக்கொண்டிருப்பது வீண்விரயம்.

எங்கெல்லாம் பணம் கழிகிறது?

*குறைந்தபட்ச இருப்பு:* சில கணக்குகளில் மாதச் சராசரி பார்ப்பார்கள், சிலவற்றில் மூன்று மாதச் சராசரி. இந்த வேறுபாடு முக்கியமானது. ஒவ்வொரு நாள் இரவும் கணக்கில் இருக்கும் தொகையைக் கூட்டி, நாட்களின் எண்ணிக்கையால் வகுப்பதுதான் சராசரி. 10,000 ரூபாய் மாதச் சராசரி கேட்கும் கணக்கில் தினமும் 10,000 இருக்க வேண்டும் என்பதில்லை. 30 நாள் மாதத்தில் 10 நாள் மட்டும் 30,000 ரூபாய் இருந்தால் போதும். அதே 10,000 ரூபாயை மூன்று மாதச் சராசரியாகக் கேட்டால், 90 நாளில் 10 நாள் 90,000 ரூபாய் இருந்தால் சரியாகிவிடும். ரமலானிலும் பெருநாள் நேரத்திலும் பணம் புரண்டு மற்ற மாதங்களில் மந்தமாக இருக்கும் ஜவுளிக் கடைக்கு மூன்று மாதச் சராசரி வசதியானது.

*ரொக்கம் கட்டுவது:* கடைக்காரர்களுக்கு அதிகம் கழிவது இங்கேதான். மாதம் இவ்வளவு வரை இலவசம், அதற்கு மேல் ஆயிரத்துக்கு இவ்வளவு என்று வைத்திருப்பார்கள். கணக்கு இருக்கும் கிளையில் ஒரு வரம்பு, வேறு கிளையில் கட்டினால் வேறு வரம்பு இருக்கலாம். பத்து, இருபது ரூபாய் நோட்டுக் கட்டுகளுக்கும் நாணயங்களுக்கும் எண்ணும் கூலி வாங்கும் வங்கிகளும் உண்டு. டீக்கடை, பஸ் ஸ்டாண்ட் கடை வைத்திருப்பவர்கள் இதைக் கேட்காமல் கணக்கு தொடங்கக் கூடாது.

*பணம் அனுப்புவது:* சேமிப்புக் கணக்கிலிருந்து இணையம் வழியாக நெஃப்ட் அனுப்பக் கட்டணம் கூடாது என்ற விதி 2020 ஜனவரியிலிருந்து இருக்கிறது. கரண்ட் அக்கவுன்ட்டுக்கு அந்த விதி கிடையாது. பல வங்கிகள் மொபைல் ஆப் வழியே இலவசமாகத் தருகின்றன. கிளைக்குப் போய் ஃபாரம் எழுதிக் கொடுத்தால் கட்டணம் உண்டு. அதற்கும் உச்சவரம்பு இருக்கிறது. நெஃப்ட்டில் 10,000 ரூபாய் வரை 2.50 ரூபாய், 1 லட்சம் வரை 5 ரூபாய், 2 லட்சம் வரை 15 ரூபாய், அதற்கு மேல் 25 ரூபாய். ஆர்டிஜிஎஸ்ஸில் 2 முதல் 5 லட்சம் வரை 24.50 ரூபாய், அதற்கு மேல் 49.50 ரூபாய். இவற்றோடு ஜிஎஸ்டி சேரும். நமக்கு வரும் பணத்துக்கு இந்த இரண்டிலும் கட்டணம் கிடையாது.

*செக்:* இத்தனை தாள் வரை இலவசம், பிறகு தாளுக்கு இவ்வளவு. செக் திரும்பினால் அபராதம் நூற்றுக்கணக்கில் போகும். நாம் கொடுத்த செக் பணமில்லாமல் திரும்பினால் கட்டணத்தோடு நிற்காது. செலாவணி முறிச் சட்டத்தின் 138வது பிரிவில் இரண்டு ஆண்டு வரை சிறையோ, செக் தொகையைப் போல் இரு மடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க இடமிருக்கிறது. வங்கி பிடித்த கட்டணத்தால் இருப்பு சில நூறு குறைந்து, அதனால் செக் திரும்பினால் வியாபாரத்தில் நம் நாணயமே கேள்விக்குள்ளாகும்.

*கார்டும் கியூஆரும்:* யுபிஐ மூலம் வங்கிக் கணக்கிலிருந்து வரும் பணத்துக்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் 2020 ஜனவரியிலிருந்து கடைக்காரரிடம் கமிஷன் பிடிப்பதில்லை. மற்ற டெபிட் கார்டுகளுக்கு, ஆண்டு விற்பனை 20 லட்சம் வரை உள்ள சிறு கடைகளிடம் ஸ்வைப் மெஷினில் அதிகபட்சம் 0.40 சதவீதம், ஒரு பில்லுக்கு 200 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. கிரெடிட் கார்டுக்கு இப்படி வரம்பு இல்லை. கமிஷன் இல்லாவிட்டாலும் ஸ்வைப் மெஷின் வாடகை, பணம் வந்ததைச் சொல்லும் ஸ்பீக்கர் பெட்டிக்கு மாத வாடகை என்று தனியாக ஓடிக்கொண்டிருக்கலாம். பயன்படுத்தாத பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

*சில்லறைக் கட்டணங்கள்:* எஸ்எம்எஸ், டெபிட் கார்டு ஆண்டுக் கட்டணம், லெட்ஜர் ஃபோலியோ, கூடுதல் ஸ்டேட்மென்ட், கையெழுத்துச் சான்று, கணக்கை மூடும் கட்டணம். தனித்தனியாகச் சிறிது, சேர்ந்தால் பெரிது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

பின்வரும் கட்டண விகிதங்கள் கணக்குக்காக நாம் வைத்துக்கொண்டவை. ஒரு மளிகைக் கடை தினம் 15,000 ரூபாய் ரொக்கம் கட்டுகிறது. மாதம் 26 நாள் என்றால் 3,90,000 ரூபாய்.

முதல் கணக்கு: சராசரி இருப்பு 10,000. மாதம் 2 லட்சம் வரை ரொக்கம் இலவசம். மேலே ஆயிரத்துக்கு 3.50 ரூபாய்.
இரண்டாம் கணக்கு: சராசரி இருப்பு 50,000. மாதம் 6 லட்சம் வரை ரொக்கம் இலவசம்.

முதல் கணக்கில் 1,90,000 ரூபாய்க்குக் கட்டணம் 665 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் சுமார் 785. வருடத்துக்கு 9,400 ரூபாய்க்கு மேல். இரண்டாம் கணக்கில் கட்டணம் பூஜ்யம். பார்த்த உடனே இரண்டாவதே லாபம் என்று தோன்றும்.

அவசரப்பட வேண்டாம். இரண்டாம் கணக்கில் கூடுதலாக 40,000 ரூபாய் முடங்கிக் கிடக்கும். அந்தப் பணத்தில் சரக்கு வாங்கி மாதம் 785 ரூபாய்க்கு மேல் லாபம் பார்க்க முடிந்தால் முதல் கணக்கே நல்லது. கையில் உபரிப் பணம் இருப்பவருக்கு இரண்டாவது நல்லது.

மூன்றாவது வழியும் இருக்கிறது. அந்தக் கடையில் பாதி வாடிக்கையாளர்கள் கியூஆரில் பணம் செலுத்தினால், ரொக்கம் தினம் 7,500 ரூபாயாகக் குறையும். மாதம் 1,95,000 ரூபாய். முதல் கணக்கின் இலவச வரம்புக்குள் அடங்கிவிட்டது. வங்கியை மாற்றாமலே கட்டணம் நின்றுவிடும்.

ஜிஎஸ்டியைத் திரும்பப் பெறுகிறீர்களா?

வங்கிக் கட்டணத்தின் மீதான 18 சதவீத ஜிஎஸ்டியை, முறையாக ஜிஎஸ்டி பதிவு செய்த வியாபாரி உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். அதற்கு உங்கள் ஜிஎஸ்டி எண் வங்கிக் கணக்கில் பதிவாகியிருக்க வேண்டும். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு இந்தச் சலுகை இல்லை. உங்கள் ஆடிட்டரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

வட்டி நுழையும் வாசல்கள்

கரண்ட் அக்கவுன்ட் வட்டியில்லாதது என்று நினைத்து நாம் அசந்திருக்கும்போது வட்டி வேறு வழியில் நுழையும். மூன்று இடங்களில் கவனம் தேவை.

ஒன்று, 'ஸ்வீப்' அல்லது 'ஃப்ளெக்ஸி' கணக்கு. குறிப்பிட்ட தொகைக்கு மேல் இருக்கும் பணம் தானாகவே ஃபிக்ஸட் டெபாசிட்டுக்குப் போய் வட்டி ஈட்டும். வங்கி ஊழியர் இதை ஒரு சலுகையாகத்தான் சொல்வார். 'இந்த வசதி வேண்டாம்' என்று விண்ணப்பத்திலேயே குறித்துக் கொடுங்கள்.

இரண்டு, ஓவர் டிராஃப்ட். கணக்கோடு சேர்த்தே தருவார்கள். இருப்பைத் தாண்டி ஒரு ரூபாய் எடுத்தாலும் அன்றிலிருந்து வட்டி. கட்டணங்கள் பிடித்ததாலேயே கணக்கு மைனஸுக்குப் போகவும் வாய்ப்புண்டு.

மூன்று, கியூஆர் நிறுவனங்களின் ஆப்பில் வரும் 'உடனடிக் கடன்'. தினசரி வசூலில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிப்பதால் வட்டியென்று தெரியாது.

ஏற்கெனவே வட்டித் தொகை கணக்கில் சேர்ந்திருந்தால் அதை எப்படிக் கழிப்பது என்பதை உங்கள் ஊர் ஆலிம்களிடம் கேட்டு நடந்துகொள்ளுங்கள்.

வங்கியிடம் கேட்க வேண்டியவை

முதலில் உங்கள் கடந்த ஆறு மாத ஸ்டேட்மென்ட்டை எடுத்து, மாதச் சராசரி இருப்பு, கட்டிய ரொக்கம், செக் எண்ணிக்கை, அனுப்பிய பணம், பிடித்த கட்டணம் ஆகிய ஐந்தையும் எழுதுங்கள். பிறகு மூன்று வங்கிகளிலாவது ஒரே கேள்விகளைக் கேளுங்கள்:

1. சராசரி இருப்பு மாதத்துக்கா, மூன்று மாதத்துக்கா? குறைந்தால் அபராதம் எவ்வளவு?
2. ரொக்கம் எவ்வளவு வரை இலவசம்? வேறு கிளையில், மெஷினில் கட்டினால்?
3. செக் தாள், செக் திரும்பும் கட்டணம்?
4. கிளையில் பணம் அனுப்பினால், ஆப்பில் அனுப்பினால்?
5. ஸ்வைப் மெஷின், ஸ்பீக்கர் வாடகை?
6. 'ஜீரோ பேலன்ஸ்' என்றால் அதற்கான நிபந்தனை என்ன?
7. ஒரு வருடத்துக்குள் மூடினால் கட்டணம் உண்டா?

வாய்வார்த்தை போதாது. ஒவ்வொரு வங்கியின் இணையதளத்திலும் கட்டணப் பட்டியல் இருக்கும். அதை அச்செடுத்துத் தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி சூரா அல்-பகராவின் 282வது வசனம் கட்டளையிடுகிறது. பண விஷயத்தில் எழுத்தாக வைத்துக்கொள்ளும் அந்தப் பழக்கம் வங்கியோடும் இருக்கட்டும்.

தவறாகப் பிடித்தால்

முதலில் கிளை மேலாளரிடம் எழுத்து மூலம் கேட்டு, நகலில் ஒப்புகை வாங்குங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தி இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் செலவில்லாமல் புகார் செய்யலாம். வழிகாட்டுதலுக்கு 14448 என்ற எண் இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு மேல் நீங்கள் வரவு செலவு செய்யாமல் 'செயல்படாத கணக்கு' என்று வகைப்படுத்தப்பட்ட கணக்கில், குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று அபராதம் பிடிக்கக் கூடாது என்ற விதி 2024 ஏப்ரல் முதல் அமலில் இருக்கிறது. தந்தை விட்டுச்சென்ற பழைய கடைக் கணக்கு கிடப்பில் இருந்தால் இதையும் பாருங்கள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் கடை மூடியிருக்கும் ஒரு மணி நேரம் போதும். ஸ்டேட்மென்ட்டையும் ஒரு பேனாவையும் எடுத்து, பிடித்த கட்டணங்களை வட்டமிட்டுப் பாருங்கள். வீட்டில் கணக்கு பார்க்கும் மகனையோ மகளையோ பக்கத்தில் உட்கார வையுங்கள், அவர்களும் கற்றுக்கொள்ளட்டும். ஹலாலாக உழைத்துச் சம்பாதித்த ஒவ்வொரு ரூபாயும் அமானிதம். அது எங்கே போகிறது என்று தெரிந்துகொள்வதும் நம் பொறுப்பு.

அல்லாஹ் நம் வியாபாரங்களில் பரக்கத் செய்வானாக. ஆமீன்.