காட்டிலே நூற்றெட்டு நாள்

துப்பறியும் நாவல்களில் மோகங்கொண்ட நேயர்கள், "மர்மம்" என்றவுடன் பாழடைந்த பங்களாவையும், சுரங்க வழியையும், முகமூடி அணிந்த மனிதனையும் தேடிப் புறப்பட்டு விடுவார்கள். நாம் இங்கே சொல்லப் போகும் கதையிலும் நள்ளிரவுக் காடு உண்டு, துப்பாக்கி உண்டு, சிறைப்பட்ட பெரிய மனிதர் உண்டு, பல வருஷ காலம் மூடி வைக்கப்பட்ட இரகசியங்களும் உண்டு. ஆனால் இதைக் கட்டியவர் எந்த நாவலாசிரியரும் அல்ல. நடந்தது நடந்தபடியே.

அம்மையார்குப்பத்தில் தறிச் சத்தம் கேட்கும் தெருக்களில் நடப்பவர்கள், ஒரே திண்ணையில் தமிழும் தெலுங்கும் மாறி மாறி ஒலிப்பதைக் கேட்டிருப்பார்கள். அங்கே பிள்ளைகளுக்குச் சரித்திரம் போதிப்பது நமது தொழில். ஒரு நாள் எல்லைகளைப் பற்றிய பாடம். திருத்தணித் தாலுகா சித்தூர் ஜில்லாவில் இருந்ததும், ஸ்ரீ ம. பொ. சிவஞானம் அவர்கள் நடத்திய வட எல்லைப் போராட்டமும், படாஸ்கரின் தீர்ப்பும், 1960-ம் வருஷம் ஏப்ரல் மாதம் முதல் தேதி தணிகை மலை சென்னை ராஜ்யத்துடன் சேர்ந்ததும் சொல்லி முடித்தோம். பின்னர், "எல்லைக் கோடு நகர்ந்தால் மனிதனும் மாறி விடுகிறானா?" என்று கேட்டு, அதற்கு உதாரணமாக இரண்டு கிராமங்களைக் கரும்பலகையில் எழுதினோம். ஒன்று காஜனூர், மற்றொன்று கோபிநத்தம்.

இரண்டு கிராமங்கள்

பழைய சென்னை மாகாணத்தில் இவ்விரண்டும் கோயமுத்தூர் ஜில்லாவையே சேர்ந்தவை. காஜனூரில் 1929-ம் வருஷம் முத்துராஜ் என்ற குழந்தை பிறந்தது. கோபிநத்தத்தில் 1952-ம் வருஷம் வீரப்பன் என்ற குழந்தை பிறந்தது. 1956-ல் பாஷைவாரியாக ராஜ்யங்கள் பிரிக்கப்பட்டபோது, கோபிநத்தம் இருந்த கொள்ளேகால் தாலுகா மைசூருக்குப் போயிற்று. காஜனூர் இருந்த தாளவாடிப் பக்கம் தமிழ்நாட்டிலேயே தங்கி விட்டது.

விதியின் விளையாட்டைப் பாருங்கள்! தமிழ்நாட்டில் தங்கிய கிராமத்துப் பிள்ளை ராஜ்குமார் என்ற பெயருடன் கன்னட நாட்டின் ஒப்பற்ற நடிகரானார். 1954-ல் 'பேடர கண்ணப்பா' படத்தில் வேடனாக வந்து, நமது பக்கத்துக் காளஹஸ்தியின் கண்ணப்பர் கதையை நடித்து அவர் புகழ் பெற்றார். கன்னட மக்கள் அவரை 'அண்ணாவரு' என்று வாய் நிறைய அழைத்தார்கள். கன்னட பாஷைக்கு முதலிடம் கேட்டு நடந்த கோகாக் கிளர்ச்சியில் அவரே முன் நின்றார். கர்நாடகத்துக்குப் போன கிராமத்துப் பிள்ளையோ, யானைத் தந்தத்திலும் சந்தனக் கட்டையிலும் தொடங்கிக் கொலையில் முதிர்ந்து, கடைசியில் தன்னைத் தமிழர்களின் காவலன் என்று சொல்லிக் கொண்டான். இவ்விருவரையும் ஒரே இடத்தில் கொண்டு வந்து நிறுத்தியது 2000-ம் வருஷம் ஜூலை மாதம் 30-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை இரவு.

அந்த இரவு

ஆடி மாதத்து இருட்டு. தாம் பிறந்த ஊரைப் பார்க்கக் குடும்பத்துடன் காஜனூர்ப் பண்ணை வீட்டுக்கு வந்திருந்தார் ராஜ்குமார். அப்போது அவருக்கு வயது 71. ஆயுதம் தாங்கிய கூட்டம் ஒன்று வீட்டினுள் புகுந்தது. அவரையும், அவருடைய மருமகன் கோவிந்தராஜையும், வேறு இருவரையும் அழைத்துக் கொண்டு காட்டுக்குள் மறைந்தது. போகும் போது வீரப்பன் ராஜ்குமாரின் மனைவி பர்வதம்மாளின் கையில் ஒரு ஒலிநாடாவைக் கொடுத்து, முதல் மந்திரியிடம் சேர்க்கச் சொன்னான். அந்த அம்மாள் இரவோடிரவாகப் பெங்களூருக்கு விரைந்தார்.

செய்தி பரவியதும் பெங்களூர் நகரம் ஸ்தம்பித்தது. கடைகள் அடைபட்டன, கல்லெறியும் தீ வைப்பும் நடந்தன, இரு ராஜ்யங்களுக்கும் இடையே பஸ்கள் நின்றன, கன்னடப் படக் கொட்டகைகளில் திரை விழவில்லை. அந்நகரில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் ஒவ்வொரு நாளும் கதவைத் தாழிட்டுக் கொண்டு, "கிழவருக்கு ஒன்றும் நேரக் கூடாதே, சுவாமி!" என்று வேண்டின. காட்டில் நால்வர் சிறைப்பட்டார்கள் என்றால், நாட்டில் இலட்சக் கணக்கானவர் சிறைப்பட்டார்கள் என்றே சொல்ல வேண்டும்.

கேட்டது என்ன?

சாதாரணமாகக் கொள்ளைக்காரன் கேட்பது பணம். வீரப்பன் அனுப்பிய கோரிக்கைகளோ ஒரு அரசியல் மகாநாட்டின் தீர்மானங்களைப் போல இருந்தன. காவிரியில் தண்ணீர் விட வேண்டும். 1991-ல் நடந்த காவிரிக் கலவரத்தில் அடிபட்ட தமிழர்களுக்கு நஷ்ட ஈடு வேண்டும். பெங்களூரில் துணி மூடிக் கிடக்கும் திருவள்ளுவர் சிலையைத் திறக்க வேண்டும். கர்நாடகத்தில் தமிழுக்கு நிர்வாக பாஷை ஸ்தானம் வேண்டும். நீலகிரித் தேயிலைக்கும் மாஞ்சோலைக் கூலிக்கும் நியாய விலை வேண்டும். இவற்றினிடையே இன்னும் இரண்டு இருந்தன. 'தடா' சட்டத்தில் மைசூர்ச் சிறையில் கிடப்போரை விடுதலை செய்ய வேண்டும்; அதிரடிப்படையினரால் வதைபட்ட கிராமவாசிகளுக்கு ஈடு கொடுக்க வேண்டும்.

இந்த இரண்டில்தான் நாம் முதலில் சொன்ன இரகசியம் இருக்கிறது.

வீரப்பன் கூட்டத்தார் செய்த கொலைகள் கொஞ்சமல்ல. கோபிநத்தத்து மக்களுக்கு மாரியம்மன் கோயில் கட்டிக் கொடுத்து, நல் வழி காட்டி, சரணடையச் செய்ய முயன்ற வன அதிகாரி ஸ்ரீநிவாசை 1991 நவம்பரில் நம்ப வைத்துக் கொன்றார்கள். 1993 ஏப்ரல் 9-ந் தேதி பாலாற்றருகே கண்ணி வெடியில் 22 பேர் மாண்டார்கள். இதன் பின்னர் இரு ராஜ்யங்களின் அதிரடிப்படைகளும் காட்டோரக் கிராமங்களில் இறங்கின. கொள்ளைக்காரன் அகப்படவில்லை, அகப்பட்டவர்கள் ஆடு மேய்ப்போரும் விறகு பொறுக்குவோரும். மாதேசுவரன் மலையில் அடியும் மின்சார வதையும் நடந்த இடம் ஒன்றைப் பற்றி ஊரார் இரகசியமாகப் பேசிக் கொண்டார்கள். 'தடா' சட்டத்தில் போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலமே சாட்சியமாகும். ஜாமீன் கிடைப்பது குதிரைக் கொம்பு. அந்தச் சட்டம் 1995-ல் காலாவதியான பிறகும் அதில் பிடிபட்டவர்கள் வெளியே வரவில்லை. 2000-ம் வருஷத்தில் அவர்களில் 51 பேரைப் பற்றியே பேச்சு நடந்தது. சிலர் உள்ளே போய் ஏழு வருஷமாகியிருந்தது, விசாரணை முடிந்தபாடில்லை.

தூதும் தீர்ப்பும்

முதல் மந்திரிகள் ஸ்ரீ மு. கருணாநிதியும் ஸ்ரீ எஸ். எம். கிருஷ்ணாவும் கலந்து பேசினார்கள். 'நக்கீரன்' ஆசிரியர் கோபால் தூதராகக் காட்டுக்குப் பல முறை போய் வந்தார்; பிறகு ஸ்ரீ பழ. நெடுமாறனும் அவரைச் சேர்ந்தவர்களும் போனார்கள். இதற்கு ஏழு மாதம் முன்பு, 1999 டிசம்பரில், காந்தஹாரில் நின்ற விமானத்துப் பிரயாணிகளுக்காக இந்திய சர்க்கார் மூன்று பேரை விடுவித்திருந்தது. 1989-ல் மத்திய மந்திரி ஒருவரின் மகளை மீட்கக் காஷ்மீரில் ஐந்து பேர் விடுவிக்கப்பட்டார்கள். ஆகவே இங்கும் சர்க்கார்கள் இணங்கியது ஆச்சரியமன்று. கைதிகள் மீதுள்ள 'தடா' குற்றச்சாட்டுகளை வாபஸ் வாங்குவதற்கு மைசூர்க் கோர்ட்டில் மனுச் செய்தார்கள், கோர்ட்டும் அனுமதித்தது.

அப்போது ஒரு முதியவர் குறுக்கே நின்றார். அவர் ஓய்வு பெற்ற போலீஸ் அதிகாரி. 1992-ல் வீரப்பன் கூட்டத்தாரால் கொல்லப்பட்ட ஒரு இளம் சப்-இன்ஸ்பெக்டரின் தந்தை. "என் மகனைக் கொன்றவர்களின் கூட்டாளிகளை விசாரணையின்றி விடலாமா?" என்பது அவருடைய வழக்கின் சாரம். சுப்ரீம் கோர்ட்டு முதலில் தடை விதித்தது. நவம்பர் 7-ந் தேதி, நீதிபதி பரூச்சாவின் தலைமையில் அமைந்த பெஞ்சு, சர்க்கார் வக்கீல் தம் சுய புத்தியைச் செலுத்தாமல் வழக்கை வாபஸ் வாங்கியது செல்லாது என்று தீர்ப்பளித்தது.

நேயர்களே, இந்தக் கட்டத்தைச் சற்று நிதானித்துப் பாருங்கள். ஒரு புறம் மகனைப் பறிகொடுத்த தந்தை; மறு புறம் தந்தையைப் பறிகொடுக்கும் அபாயத்தில் இருக்கும் மக்கள்; இருவருக்கும் நடுவே குற்றவாளிகளோ நிரபராதிகளோ என்று ஒருவரும் விசாரித்துச் சொல்லாத 51 பேர். யார் பக்கம் நியாயம் என்று அவசரப்பட்டுச் சொல்பவர் கல் நெஞ்சராகத்தான் இருக்க வேண்டும்.

தீர்ப்பு வந்ததும், "இனிக் கிழவர் உயிருடன் திரும்ப மாட்டார்" என்று பலர் நினைத்தார்கள். பிணையாளிகளில் ஒருவர் முன்னரே தப்பி வந்து விட்டார். ஆனால் தீர்ப்புக்கு எட்டாம் நாள், நவம்பர் 15-ந் தேதி, ராஜ்குமார் விடுதலையானார். சிறையிருந்தது சரியாக 108 நாள். கைதிகள் விடுபடவில்லை, காவிரிக் கோரிக்கையும் நிறைவேறவில்லை. அப்படியானால் எதற்காக விட்டான்? கர்நாடகப் போலீஸ் தலைவராக இருந்த தினகர் பின்னர் எழுதிய புத்தகத்தில், பெரும் பணம் கைமாறியது என்று எழுதினார். சர்க்கார் தரப்பில் மறுத்தார்கள். அந்த முடிச்சு இன்னும் அவிழவில்லை.

இரகசியம் வெளிப்பட்ட விதம்

இதைச் சொல்லி முடித்தபோது கடைசி பெஞ்சில் இருந்த பையன் ஒருவன் எழுந்து, "ஸார், அவன் கேட்டதில் என்ன தப்பு? எல்லாம் நல்லதுதானே?" என்றான். முன் வரிசையில் இருந்த நெசவாளி வீட்டுப் பெண் ஒருத்தி, "ஸார், அந்த ஜெயிலில் இருந்தவங்க நிஜமாகவே குற்றவாளிங்களா?" என்றாள். இரண்டாவது கேள்விக்கு விடை தெரிந்தால் முதல் கேள்விக்கும் விடை கிடைத்து விடும்.

2001-ல் மைசூர் விசேஷக் கோர்ட்டு விசாரணையை முடித்தது. குற்றம் சாட்டப்பட்டவர்களில் பெரும்பாலோர் நிரபராதிகள் என்று விடுதலையானார்கள். சிலருக்கே தண்டனை கிடைத்தது. அவர்களில் நால்வருக்குச் சுப்ரீம் கோர்ட்டு 2004-ல் தூக்குத் தண்டனை விதித்து, பின்னர் 2014-ல் அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. துப்பாக்கி முனையில் கிடைக்காத விடுதலை, சாட்சிகளை விசாரித்த பிறகு கிடைத்தது. அதிரடிப்படையின் அக்கிரமங்களை விசாரிக்கத் தேசிய மனித உரிமைக் கமிஷன், நீதிபதி சதாசிவா தலைமையில் 1999-லேயே, அதாவது கடத்தலுக்கு முந்திய வருஷமே, ஒரு குழுவை நியமித்திருந்தது. அதன் அறிக்கையை ஒட்டி 2007-ல் 89 பேருக்கு 2 கோடியே 80 லட்சம் ரூபாய் ஈடு கொடுக்கும்படி கமிஷன் சொல்லிற்று. பெங்களூர் வள்ளுவர் சிலையும் 2009 ஆகஸ்ட் 9-ந் தேதி, இரு முதல் மந்திரிகளின் முன்னிலையில், ஒரு துளி இரத்தமும் சிந்தாமல் திறக்கப்பட்டது.

வீரப்பனோ 2002-ல் கர்நாடக மாஜி மந்திரி நாகப்பாவையும் கடத்தினான். அவர் டிசம்பரில் பிணமாகவே கிடைத்தார். 2004 அக்டோபர் 18-ந் தேதி தர்மபுரி ஜில்லாப் பாப்பாரப்பட்டியருகே வீரப்பன் அதிரடிப்படையினரால் சுடப்பட்டு இறந்தான். 2006 ஏப்ரலில் ராஜ்குமார் காலமானார். கடத்தல் வழக்கு மட்டும் கோபிசெட்டிபாளையம் கோர்ட்டில் நடந்து கொண்டே இருந்தது. 2018 செப்டம்பரில், குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று எஞ்சிய ஒன்பது பேரும் விடுதலையானார்கள். இரண்டு ராஜ்யங்களை நடுங்க வைத்த ஒரு குற்றத்துக்கு, பதினெட்டு வருஷத்துக்குப் பின், தண்டனை அடைந்தவர் ஒருவரும் இல்லை!

நாம் சொன்ன பதில்

பையனுக்கு நாம் சொன்ன பதில் இதுதான்: "கேட்டவற்றில் பல நியாயம். கேட்ட வழி அநியாயம். நிரபராதிகளை அடைத்து வைத்தது தவறு என்பவன், ஒரு நிரபராதியை அடைத்து வைத்துக் கொண்டா அதைச் சொல்வது?" பையன் தலையசைத்தான். பெண்ணோ விடவில்லை. "அவங்க ஏழு வருஷம் இருந்தாங்களே ஸார், அதை யார் திருப்பிக் கொடுப்பாங்க?" என்றாள்.

இதற்கு நம்மிடம் பதில் இல்லை. அதே தர்மபுரிப் பக்கத்து வாச்சாத்தியில், சந்தனக் கட்டை தேடிப் போன சர்க்கார் சிப்பந்திகள் 1992 ஜூன் 20-ந் தேதி பதினெட்டுப் பெண்களின் மானத்தைச் சூறையாடினார்கள். தர்மபுரிக் கோர்ட்டின் தீர்ப்பு 2011-ல் வந்தது. ஹைகோர்ட்டு அதை உறுதி செய்தது 2023-ல். முப்பத்தோரு வருஷம்! நியாயம் இவ்வளவு மெதுவாக நடந்தால், துப்பாக்கி ஏந்தியவன் நியாயவானைப் போல வேஷம் போடுவது எளிதாகி விடுகிறது. பிணை வைக்கிறவனைப் பிடிக்கப் படை வேண்டும் என்பது உண்மை. ஆனால் அவன் வாயில் அந்தக் கோரிக்கைகளை வைத்தது யார்? விசாரியாமல் விட்ட வழக்குகளும், பிரிக்காமல் வைத்த அறிக்கைகளும், கேட்காமல் இருந்த காதுகளுமே அல்லவா?

மணி அடித்தது. பிள்ளைகள் வெளியே ஓடினார்கள். சிலர் தமிழில் கூவினார்கள், சிலர் தெலுங்கில் பதில் கொடுத்தார்கள். கரும்பலகையில் எழுதிய இரண்டு கிராமங்களின் பெயரையும் அழிக்க நமக்கு மனம் வரவில்லை. அந்தப் பெண்ணின் கேள்வியையும் அவற்றின் கீழே எழுதி விட்டு வந்தோம்.