அடுக்களையும் கரப்பான் பூச்சியும்

இல்லத்தில் வாழ்வோரின் உடல்நலத்திற்கு அடிப்படையாக அமைவது அடுக்களை. அங்குச் சமைக்கப்படும் உணவே சிறுவரை வளர்க்கின்றது; முதியோரைத் தாங்குகின்றது. ஆனால், விளக்கை அணைத்து வீட்டார் உறங்கச் சென்ற பின்னர், அழையா விருந்தினர் சிலர் அவ்வறையைத் தமதாக்கிக் கொள்கின்றனர். நள்ளிரவில் நீர் பருக எழுந்த ஒருவர் விளக்கை ஏற்றினால், அடுப்பு மேடையின்மீது உலவிய கரப்பான் பூச்சிகள் கண்ணிமைக்கும் நேரத்தில் இடுக்குகளுக்குள் ஓடி மறைவதைக் காணலாம். கைக்கு எட்டிய துடைப்பத்தால் ஒன்றிரண்டை அடித்துக் கொன்றுவிட்டுத் தொல்லை ஒழிந்தது என்று எண்ணுவோர் பலர். ஆனால், மறுநாள் இரவிலும் அக்காட்சி மாறுவதில்லை. அதன் காரணத்தை அறிய வேண்டுமாயின், அப்பூச்சியின் இயல்பை அறிதல் வேண்டும்.

கரப்பான் பூச்சி மிகத் தொன்மையான இனத்தைச் சேர்ந்தது. அதன் முன்னோரை ஒத்த பூச்சிகள் ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன்பே உலகில் வாழ்ந்தன என்பதைப் புதைபடிவங்கள் காட்டுகின்றன. இன்று 4,000-க்கும் மேற்பட்ட கரப்பு வகைகள் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை காட்டில் உதிர்ந்த இலைகளையும் மட்கிய மரத்தையும் உண்டு வாழ்பவை. மனிதனை நாடி வருபவை மிகச் சிலவே.

வீடுகளில் பெரிதும் காணப்படுபவை இரண்டு. ஒன்று, செம்பழுப்பு நிறமும் நான்கு சென்டிமீட்டர் வரை நீளமும் உடைய பெரிய கரப்பு. அமெரிக்கக் கரப்பு என்று பெயர் பெற்றிருப்பினும் இதன் தாயகம் ஆப்பிரிக்காவே. சாக்கடையிலும் கழிநீர்க் குழாயிலும் வாழும் இது, அங்கணத்துத் துளையின் வழியே வீட்டிற்குள் ஏறி வரும். மற்றொன்று, ஒன்றரைச் சென்டிமீட்டர் நீளமே உடைய சிறிய கரப்பு. தலைக்குப் பின்னுள்ள தகட்டில் காணப்படும் இரு கருங்கோடுகளால் இதனை எளிதில் அறியலாம். இதனை ஜெர்மானியக் கரப்பு என்பர். ஆனால், 2,100 ஆண்டுகளுக்கு முன் இந்தியாவிலோ மியான்மரிலோ வாழ்ந்த ஆசியக் கரப்பிலிருந்து இது தோன்றியது என்று 2024-ஆம் ஆண்டில் வெளியான மரபணு ஆய்வு ஒன்று காட்டியது.

கரப்பின் உடலமைப்பு ஒளிந்து வாழ்வதற்கு ஏற்றது. பெரிய கரப்பும் தன் உடலை அமுக்கிக் கொண்டு 3 மில்லிமீட்டர் அகலமுள்ள இடுக்கில் நுழைய வல்லது. அதன் பின்புறத்தில் இரண்டு சிறிய உணர்வுறுப்புகள் உள்ளன. ஒருவர் கையை ஓங்கும்பொழுது எழும் மெல்லிய காற்றசைவையும் அவை உணர்ந்துவிடும். அடி விழுமுன் பூச்சி ஓடிவிடும். அடிபட்டு இறந்தாலும் அதன் குலம் அழிவதில்லை. பெரிய கரப்பு, தட்டைப்பயற்றின் அளவுள்ள கரும்பழுப்பு நிறக் கூடு ஒன்றில் ஏறத்தாழ 15 முட்டைகளை வைத்து, அக்கூட்டை மறைவான இடத்தில் ஒட்டிவிடுகின்றது. சிறிய கரப்பின் கூட்டில் 30 முதல் 40 முட்டைகள் இருக்கும். குஞ்சு பொரிக்கும் காலம் வரையில் தாய் அதனைத் தன்னுடனேயே சுமந்து திரியும். ஆகவே, வெளியே காணப்படும் ஒரு பூச்சிக்குப் பின்னால், காணப்படாத பல பூச்சிகள் உள்ளன என்பது தெளிவு.

இப்பூச்சியால் விளையும் கேடு அருவருப்போடு நிற்பதன்று. சாக்கடையில் திரிந்த கால்களே, மூடாத சோற்றின்மீதும் கழுவி வைத்த தட்டின்மீதும் நடக்கின்றன. அக்கால்களில் ஒட்டிய கிருமிகள் உணவில் கலக்கின்றன. உண்ணும்பொழுது கக்குவதும், உண்ட இடத்திலேயே எச்சம் இடுவதும் அதன் வழக்கம். வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சால்மொனெல்லா போன்ற கிருமிகள் இவ்வாறு பரவக்கூடும். மேலும், கரப்பின் எச்சமும் உரித்த தோலும் தூளாகிக் காற்றில் கலந்து சிலருக்கு மூச்சுத்திணறலை உண்டாக்குகின்றன. அமெரிக்க நகரங்களின் வறிய பகுதிகளில் வாழ்ந்த சிறுவரைப் பற்றிய ஆய்வு ஒன்று 1997-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. கரப்பின் தூசு ஒவ்வாதவராய், அத்தூசு மிகுந்த அறையில் உறங்கிய சிறுவர், ஆஸ்துமாவால் மருத்துவமனையில் சேர்க்கப்படுவது ஏனையோரைவிட மிகுதி என்று அது கண்டது.

இத்தகைய பகையை நஞ்சு தெளித்தே ஒழித்துவிடலாம் என்று சிலர் கருதுவர். அது முற்றும் பயன் தருவதில்லை. 1950-களின் தொடக்கத்திலேயே, அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், குளோர்டேன் என்னும் நஞ்சுக்குச் சாகாத கரப்புகள் தோன்றிவிட்டன. பின்னர், இனிப்பில் நஞ்சைக் கலந்து வைக்கும் முறை பரவியது. அதற்கும் ஒரு மாற்றம் நேர்ந்தது. குளுக்கோசு என்னும் இனிப்பை வெறுத்து ஒதுக்கும் ஜெர்மானியக் கரப்புகள் உண்டாயின என்பது 1993-இல் வெளிப்பட்டது. அவற்றின் நாவுணர்வுக்குக் குளுக்கோசு கசப்பாகப் படுகின்றது என்று 2013-இல் கண்டறியப்பட்டது. இதற்கிடையே, உணவு சமைக்கும் இடத்தில் தெளிக்கும் நஞ்சு அவ்வீட்டுக் குழந்தைக்கே தீங்கு செய்யக்கூடும். நச்சு மருந்து கலந்த சுண்ணக்கோலை எழுதுகோல் என்று எண்ணிக் குழந்தைகள் கையாள்வதும் உண்டு.

ஆதலின், உணவு, நீர், உறைவிடம் ஆகிய மூன்றையும் கரப்புக்குக் கிடைக்காமல் செய்வதே முதன்மையான வழி. எச்சில் பாத்திரங்களை இரவு முழுதும் அங்கணத்தில் போட்டு வைத்தல் ஆகாது. அடுப்பின் அடியில் சிந்திய எண்ணெயையும் சோற்றுப் பருக்கையையும் படுக்குமுன் துடைத்தல் வேண்டும். அரிசி, மாவு, வெல்லம் முதலியவற்றை இறுக மூடும் டப்பாவில் வைத்தல் நலம். குப்பைக் கூடைக்கு மூடி வேண்டும்.

உணவினும் நீரே கரப்புக்கு இன்றியமையாதது. ஜெர்மானியக் கரப்பு உணவின்றிப் பல வாரம் உயிர் வாழும். நீரும் இல்லையாயின் இரண்டு வாரம் தாங்குவது அரிது. ஆகவே, ஒழுகும் குழாயைச் செப்பனிடுதலும், அங்கணத்தை இரவில் உலர்த்தி வைத்தலும், துளைக்குக் கம்பி வலை இடுதலும் பெரும்பயன் தரும். சுவர் வெடிப்பையும் குழாய் நுழையும் சந்தையும் சிமெண்டு பூசி அடைக்க வேண்டும். பழைய செய்தித்தாள், அட்டைப்பெட்டி, கோணிப்பை ஆகியவற்றைக் குவித்து வைத்தல் கரப்புக்கு வீடு கட்டிக் கொடுப்பதாகும். கடையிலிருந்து வரும் பெட்டிகளின் மடிப்பில் முட்டைக்கூடு ஒட்டியிருத்தலும் கூடும்; அவற்றை உதறிப் பார்த்து அகற்றுதல் வேண்டும்.

இவற்றைச் செய்த பின்னரும் பூச்சி எஞ்சியிருப்பின், போரிக் அமிலம் கலந்த மாவுருண்டையையோ கடையில் விற்கும் பசைமருந்தையோ இடுக்குகளில் சிறிது வைக்கலாம். குழந்தைகளுக்கும் வளர்ப்பு விலங்குகளுக்கும் எட்டாத இடத்திலேயே அதனை வைத்தல் வேண்டும். அங்கு மருந்து தெளித்தலும் கூடாது. தெளித்தால் கரப்பு அவ்விரையை அணுகாது. மேலும், சிறு கொடி போன்ற வயிற்றை மேலும் கீழும் ஆட்டிக் கொண்டு, கருங்குளவி ஒன்று சில வீடுகளில் சுற்றுவதுண்டு. கரப்பின் முட்டைக்கூட்டினுள் தன் முட்டையை இட்டு அதனை அழிக்கும் நண்பன் அது. மனிதரைக் கொட்டுவதில்லை, அதனைக் கொல்லாது விடுதல் நன்று.

ஒளித்து வைத்த கூடுகளிலிருந்து குஞ்சுகள் வெளிவரச் சில வாரங்கள் ஆகும். ஆகவே, ஓரிரு நாள் முயன்று கைவிடுதல் வீண். இரண்டு மூன்று திங்கள் இடைவிடாது காத்தல் வேண்டும். அடுக்களைத் தூய்மை தாய் ஒருவரின் கடமை என்று ஏனையோர் இருந்துவிடுதல் முறையன்று. உண்டவர் தம் தட்டைத் தாமே கழுவுதலும், சிறுவர் சிந்திய பண்டத்தைத் தாமே துடைத்தலும், தந்தையார் ஒழுகும் குழாயைச் செப்பனிடுதலும் ஒரே பணியின் பகுதிகளாம். வீட்டார் அனைவரும் இவ்வாறு ஒன்றுபட்டு உழைக்கும் இல்லத்தில் கரப்பான் பூச்சிக்கு இடமில்லை. அங்கு உண்ணும் உணவும் உடலுக்கு உறுதியே பயக்கும்.