"பலத்த" என்னும் அடைமொழி

அருஞ்சொற்களின் வரலாற்றை ஆராய்வார் பலர். நாடோறும் வழங்கும் எளிய சொற்களை நின்று நோக்குவார் சிலரே. பழைய செய்தித்தாள்களைப் புரட்டுவோர் அடிக்கடி எதிர்ப்படும் "பலத்த" என்னும் சொல்லை ஈண்டு எடுத்துக்கொள்வோம். காற்றோடும் கடலோடும் வாழும் மன்னார் மக்களாகிய நமக்கு இது வெறும் இலக்கணப் பொருளன்று.

பலத்தல் என்பது வலிமையுறுதல். பலத்த என்பது அதன் இறந்தகாலப் பெயரெச்சம். ஆதலின், பின்வரும் வல்லெழுத்து மிகாது. "பலத்தக் காற்று" என மாணவர் சிலர் எழுதுவது பிழையாகும். பலத்த காற்று எனின் வலிமையுற்ற காற்று என்பது பொருள். விவிலியத் தமிழில் இச்சொல் கைக்கும் மக்கட் கூட்டத்துக்குங்கூட அடையாய் வரும். பத்திரிகைத் தமிழோ இதனைப் பெரும்பாலும் நிகழ்ச்சிகளுக்கே உரியதாக்கிற்று. சுவரைப் பலமான சுவர் என்போமேயன்றிப் பலத்த சுவர் என்னோம். மழையையோ பலத்த மழை என்போம்.

1930இல் தோன்றிய வீரகேசரியும், 1932இல் தோன்றிய தினகரனும், 1959இல் யாழ்ப்பாணத்தில் எழுந்த ஈழநாடும் வளர்த்த செய்தி நடையிலே இதன் ஆட்சியை மூவகையாகப் பகுக்கலாம். பலத்த காற்று, பலத்த மழை என்பன இயற்கை பற்றியவை. பலத்த காயம், பலத்த சேதம் என்பன தீங்கு பற்றியவை. பலத்த எதிர்ப்பு, பலத்த போட்டி, பலத்த கரகோஷம், பலத்த பொலிஸ் காவல் என்பன மாந்தர் செயல் பற்றியவை. புயலுக்கும் கைதட்டலுக்கும் ஒரே அடைமொழி! அளவு கைக்கெட்டாதபோது, "இது சிறிதன்று" என்று வாசகருக்கு உணர்த்துவதே இதன் தொழில். எத்துணைப் பெரிது என்பதை இது சொல்லாது.

இக்குறை எங்கே உயிரோடு தொடர்புறுகின்றது என்பதை 1964ஆம் ஆண்டு நமக்குக் காட்டிற்று. அவ்வாண்டு டிசெம்பர் 22ஆந் திகதி இலங்கையின் வடபகுதியைக் கடந்த சூறாவளி மன்னாரைத் தாக்கி, அன்றிரவே தனுஷ்கோடியை அழித்தது. நூற்றுக்கு மேற்பட்ட பயணிகளோடு வந்த புகைவண்டியைக் கடல் கொண்டது. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே 1914 முதல் நடைபெற்ற கப்பற் போக்குவரத்தும் அத்துடன் முடிவுற்றது; பின்னர் இராமேசுவரத்திலிருந்தே கப்பல் வந்தது. முற்றத்து விளக்கை அணைக்கும் காற்றும் பலத்த காற்று. ஒரு பட்டினத்தையே இல்லாமற் செய்த காற்றும் பலத்த காற்று எனின், அச்சொல்லைக் கேட்டு வள்ளத்தைக் கரையேற்றுவதோ கடலில் இறக்குவதோ எவ்வாறு?

நம் கடலோடிகள் இவ்விடர்ப்பாட்டை அறிந்தவர். வாடை, கொண்டல், சோளகம், கச்சான் எனத் திசைக்கொரு பெயரிட்டுக் காற்றை வேறுபடுத்தினர். பிரித்தானியக் கடற்படையினரான பியூபோட் என்பார் 1805இல் காற்றின் வேகத்தைப் படிகளாக வகுத்தார். அவ்வளவுகோலின் இன்றைய கணக்கில், 6ஆம் படி மணிக்கு 39 முதல் 49 கிலோமீற்றர். இறுதியான 12ஆம் படி 118 கிலோமீற்றரும் அதற்கு மேலும் ஆகும். பத்திரிகைத் தமிழ் இவ்விரு படிகளையும் "பலத்த" என்ற ஒரு சொல்லுக்குள் அடக்கிவிடும்.

இக்காலத்து வானிலை அறிக்கைகள் புத்தளத்திலிருந்து மன்னார் ஊடாகக் காங்கேசன்துறை வரையான கடற்பரப்புக்குக் காற்றின் வேகத்தை எண்ணாலே கூறுகின்றன. இது நன்மாற்றம். 2020 டிசெம்பரில் மன்னார்த் தீவில் திறக்கப்பெற்ற தம்பபவனி மின்னிலையத்தின் 30 காற்றாலைகளுக்கும் காற்றின் வேகமே வருவாய். மீன்பிடிப்போர்க்கு அச்சந்தரும் காற்று, மின்னாக்குவோர்க்கு விளைச்சல். இருவருக்கும் வேண்டுவது அளவேயாகும்.

ஆயினும், அடைமொழியைத் தள்ளிவிடுக என்று நாம் கூறவில்லை. பலத்த என்னும் சொல் வாசகரை விழிப்பிக்கும். அவ்வளவில் அது நற்பணியே. விழித்தவருக்கு அடுத்த தொடரிலே அளவையோ விளைவையோ கொடுத்தல் எழுதுவோர் கடன். "பலத்த சேதம்" என்று எழுதும் மாணவர், எத்தனை வீடு, எத்தனை வள்ளம் என்றும் எழுதப் பழகுவாராக. பழைய பத்திரிகையை வாசிப்போரும் "பலத்த" என்ற சொல்லைக் கண்டவிடத்து, அதனை அளவாகக் கொள்ளாது, பின்வரும் செய்தியிலே அளவைத் தேடுவாராக.