வானம் வாஷிங்டனுக்கு, வாசல் நகரத்துக்கு

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், க்ரீன்ஸ்போரோ ஊருக்குப் பக்கத்தில் காஸ்பி என்ற குடும்பம் கோழி வளர்த்து வந்தது. இரண்டாம் உலகப்போர் மூண்டபோது அருகிலிருந்த விமான நிலையத்தை ராணுவம் பயன்படுத்தத் தொடங்கியது. போர் விமானங்கள் அந்தப் பண்ணைக்கு மேலே வெறும் 83 அடி உயரத்தில் இறங்கின. இரைச்சலில் மிரண்ட கோழிகள் சுவரில் மோதிச் செத்தன. ஏறத்தாழ 150 கோழிகள் போயின. தொழிலையே கைவிட்ட குடும்பம் அரசின் மீது வழக்குத் தொடுத்தது.

1946-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நிலம் யாருக்கோ அதன் மேலுள்ள வானமெல்லாம் அவருக்கே என்ற பழைய கொள்கை விமான யுகத்தில் செல்லாது; வானம் பொதுவழி. ஆனாலும், ஒருவர் தன் நிலத்தை நிம்மதியாக அனுபவிக்கத் தேவையான தாழ்வான வெளி அவருக்கு உரியது. அதற்குள் ஓயாமல் புகுவது நிலத்தைப் பறிப்பதற்குச் சமம். அந்தத் தாழ்வான வெளி எத்தனை அடி வரை? அதை மட்டும் நீதிமன்றம் சொல்லவில்லை. இன்று ட்ரோன்கள் பறப்பது அளந்து சொல்லாமல் விட்ட அந்த இடத்தில்தான்.

மேலே ஒரு சட்டம்

1956-ல் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் மேலே இரண்டு பயணிகள் விமானங்கள் மோதி 128 பேர் இறந்தார்கள். வானத்தை ஒரே கை ஆள வேண்டும் என்ற எண்ணம் அதன்பின் வலுத்தது; 1958-ல் புதிய சட்டம் வந்தது. அதன் வழியே பிறந்ததுதான் எஃப்.ஏ.ஏ. எனப்படும் கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகம்.

ட்ரோனுக்கும் அதுதான் விதி வகுக்கிறது. பொதுவாக 400 அடிக்கு மேல் போகக் கூடாது. பறப்பது எப்போதும் கண் பார்வைக்குள் இருக்க வேண்டும். பொழுதுபோக்குக்குப் பறக்கவிடுபவர் இணையத்தில் ஓர் இலவசத் தேர்வு எழுத வேண்டும். ட்ரோன் 250 கிராமுக்கு மேல் இருந்தால் 5 டாலர் கட்டிப் பதிவு செய்ய வேண்டும். தொழிலுக்காக என்றால் 60 கேள்விகள் கொண்ட தேர்வில் தேறிச் சான்றிதழ் வாங்க வேண்டும். விமான நிலையங்களைச் சுற்றியுள்ள வான்வெளிக்குத் தனி அனுமதி தேவை. கென்னடி, லாகார்டியா, நுவார்க் என மூன்று பெரிய விமான நிலையங்கள் சூழ்ந்த நியூயார்க்கில் அந்தக் கட்டுப்பாடு நகரின் பெரும்பகுதியைத் தொடுகிறது.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று கேட்பவர்கள் 2017 செப்டம்பர் 21-ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். ஐ.நா. பொதுச்சபைக் கூட்டத்தையொட்டி நியூயார்க் வானத்தில் தற்காலிகத் தடை இருந்தது. புரூக்ளினின் கரையோரப் பூங்கா ஒன்றிலிருந்து ஒருவர் தன் ட்ரோனை இரண்டரை மைல் தூரம் அனுப்பினார். ஸ்டேட்டன் தீவுப் பக்கம் 300 அடி உயரத்தில் அது ராணுவத்தின் பிளாக் ஹாக் ஹெலிகாப்டரில் மோதியது. சுழலியின் தகடு நசுங்கியது. நல்லவேளை, ஹெலிகாப்டர் பத்திரமாக இறங்கியது. அதில் சிக்கியிருந்த ட்ரோன் துண்டின் எண்ணை வைத்து விசாரணையாளர்கள் அவரைக் கண்டுபிடித்தார்கள். அவர்கள் தொடர்பு கொள்ளும் வரை, மோதியதே அவருக்குத் தெரியாது. உயரம் 400 அடிக்குள்தான் இருந்தது. ஆனால் பார்வை எட்டவில்லை. தடை இருப்பதையும் அவர் அறிந்திருக்கவில்லை.

கீழே ஒரு சட்டம்

மோதலைத் தடுப்பது எஃப்.ஏ.ஏ.வின் வேலை. பன்னிரண்டாவது மாடி ஜன்னலுக்கு வெளியே ஒரு கேமரா வந்து நின்றால் அந்த வீட்டுப் பெண் என்ன செய்வாள் என்பது அதன் விதிகளுக்குள் வராது. அந்தரங்கம், அத்துமீறல், நில உபயோகம் எல்லாம் மாநிலமும் நகரமும் பார்க்க வேண்டியவை. அதை எஃப்.ஏ.ஏ.வே ஒப்புக்கொள்கிறது.

நகரங்கள் இதை எப்படிக் கையாளலாம் என்பதற்கு பாஸ்டனை ஒட்டிய நியூட்டன் நகரம் ஒரு பாடம். உரிமையாளரின் அனுமதியின்றி அவர் இடத்துக்கு மேலே 400 அடிக்குக் கீழ் ட்ரோன் பறக்கக் கூடாது என்று 2016-ல் அந்நகரம் விதி போட்டது. நகரவாசி ஒருவர் வழக்குப் போட்டார். 400 அடிக்கு மேலே போகாதே என்கிறது எஃப்.ஏ.ஏ.; கீழே வராதே என்கிறது நகரம். பிறகு பறக்க இடம் ஏது? 2017-ல் கூட்டாட்சி நீதிமன்றம் அந்தப் பிரிவை ரத்து செய்தது. வழக்கில் எதிர்க்கப்படாத பிரிவுகளில் நீதிபதி கை வைக்கவில்லை.

நியூயார்க் வேறு வழியில் போகிறது. அது வானத்தைத் தொடவில்லை, தரையைப் பிடித்துக்கொண்டது. குறித்துக் கொடுத்த இடங்களைத் தவிர நகர எல்லைக்குள் எந்த வான்கலத்தையும் கிளப்பவோ இறக்கவோ கூடாது என்ற பழைய விதி அங்கே உண்டு. ட்ரோனுக்கும் அதுவே பொருந்துகிறது. பொழுதுபோக்குக்கு என்று ப்ளஷிங் மெடோஸ், மரைன் பூங்கா உள்ளிட்ட ஐந்து பூங்காக்களில் மட்டும் மைதானங்கள் ஒதுக்கியிருக்கிறார்கள். 2023 ஜூலையில் காவல்துறை வழியாக அனுமதி பெறும் ஏற்பாடும் வந்தது. 30 நாள் முன்னதாக விண்ணப்பிக்க வேண்டும். திரும்பக் கிடைக்காத கட்டணம் 150 டாலர். படம் பிடிப்பதானால் அந்தப் பகுதி மக்களுக்கு முன்கூட்டியே அறிவிக்கவும் வேண்டும்.

பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகும் நம்மவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பொழுதுபோக்குக்குப் பறக்கவிடும் 250 கிராமுக்கு உட்பட்ட ட்ரோனுக்குப் பதிவு வேண்டாம் என்பது உண்மைதான். ஆனால் நியூயார்க்கின் தரைவிதி எடை பார்ப்பதில்லை. மொட்டைமாடியிலிருந்து கிளப்பினாலும் குற்றம்தான்.

இரண்டு கேள்விகள்

ஆக, அந்த நகரத்தில் ரிமோட்டைக் கையில் எடுப்பவர் இரண்டு கேள்விகள் கேட்டாக வேண்டும். வானம் திறந்திருக்கிறதா? நான் நிற்கும் தரை திறந்திருக்கிறதா? ஒன்றுக்கு ஆம் என்று பதில் வந்தால் போதாது.

இந்த இரட்டைச் சட்டம் குழப்பம் என்பவர்களோடு நான் ஒத்துப்போகவில்லை. விமானியின் உயிரை நகரசபை காக்க முடியாது. ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவரின் நிம்மதியை வாஷிங்டன் காக்க முடியாது. இரண்டும் வேண்டும். ஆனால் தரையைப் பூட்டுகிற நகரம் தரையைத் திறக்கவும் கடமைப்பட்டிருக்கிறது. 80 லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் ஊருக்கு ஐந்து மைதானம் போதாது. சினிமா நிறுவனத்துக்கு 150 டாலர் பெரிதல்ல. கற்றுக்கொள்ள ஆசைப்படும் பள்ளி மாணவனுக்குப் பெரிது. பயில முறையான இடம் இல்லாதவன் ஒளிந்து பறக்கவிடுவான். ஒளிந்து பறக்கவிடுபவன் எந்த விதியையும் தேடிப் படிக்க மாட்டான். புரூக்ளினிலிருந்து ட்ரோனை அனுப்பியவரிடம் இல்லாமல் போனது நல்லெண்ணம் அல்ல. அன்றைய வானத்தைப் பற்றிய தகவல்தான்.

காஸ்பி வீட்டைப் போன்ற ஒரு வீட்டுக்கு மேலே எத்தனை அடி வரை அந்த வீட்டாருடையது என்பதற்கு நாடு முழுவதற்குமான எண் இன்னும் வரவில்லை. வரும் வரை, கீழே ஒரு கூரையைக் கண்டால் அதன் அடியில் ஒரு குடும்பம் இருக்கிறது என்று எண்ணி ட்ரோனைத் திருப்பிக்கொள்வதே நியாயம்.