உடலின் திசைகள்

நம் எதிரே ஒருவர் நிற்கும்போது, அவருடைய வலக்கை நமது இடக்கைக்கு நேரே அமைகின்றது. வீட்டுப் பேச்சில் இதனாற் கேடொன்றும் விளையாது. வைத்தியசாலையிலோ, நோயுற்ற சிறுநீரகம் எப்புறத்தது என்னும் ஐயம் ஓர் உயிரையே மாய்த்துவிடக்கூடும். நல்லதை அகற்றி நோயுற்றதை விட்டுவைத்தால் அந்நோயாளியின் கதி யாது? ஆதலின் உடற்கூற்று நூலார் முதல் விதியாக இதனை வகுத்துக்கொண்டனர்: வலம், இடம் என்பன பார்ப்பவருக்குரியன அல்ல, பார்க்கப்படும் உடலுக்கே உரியன.

உடல் எவ்வாறு கிடப்பினும் அது நிமிர்ந்து நிற்பதாகவே கொள்ளவேண்டும் என்பது அடுத்த விதி. முகம் முன்னோக்கும், கைகள் பக்கங்களிலே தொங்கும், உள்ளங்கைகளும் முன்னோக்கியிருக்கும். கட்டிலிற் குப்புறக் கிடப்பவருக்கும் முதுகு பிற்புறமேயன்றி மேற்புறம் அன்று. மேற்புறம் எனின் என்றும் தலைப்பக்கமே. நாற்காற் பிராணியாகிய பசுவுக்கு இக்கணக்குப் பொருந்தாது; அதனாலேயே விலங்கு நூலார் முதுகுப்புறம், வயிற்றுப்புறம் என்று வழங்குவர்.

உள்ளங்கையை ஏன் முன்னோக்கித் திருப்பவேண்டும் என நேயர்கள் வினவலாம். முன்கையில் ஆரை, அரந்தி என எலும்புகள் இரண்டுள. உள்ளங்கை முன்னோக்கும்போது இவை அருகருகே நேராக நிற்கும். கையைப் பின்னோக்கித் திருப்பினாலோ, ஆரை அரந்தியின்மேற் குறுக்காகச் சாயும். பெருவிரலும் உடம்பை நோக்கித் திரும்பிவிடும். குழப்பமற்ற முதல் நிலையையே நூலார் தெரிந்தெடுத்தனர். ஆகவே பெருவிரல் பக்கப்புறத்தது. சிறுவிரல் நடுக்கோட்டை அடுத்த நடுப்புறத்தது. வைத்தியர் நாடி பார்ப்பது மணிக்கட்டின் பக்கப்புறத்திலேயாம்.

அண்மை, சேய்மை என்னும் சொற்கள் கைகால்களுக்குரியன. அவை உடம்போடு பொருந்துமிடத்திலிருந்தே தூரம் கொள்ளப்படும். தோளை நோக்க முழங்கை சேய்மையது. மணிக்கட்டை நோக்க அதுவே அண்மையது. அனுராதபுரம் யாழ்ப்பாணத்திற்குத் தெற்கும் கொழும்பிற்கு வடக்கும் ஆதல் போல்வது இது.

இத்தகைய கலைச்சொற்களைத் தமிழில் அமைக்கும் முயற்சி இன்று நேற்றையதன்று. 1847ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்து, பின்னர் மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த அமெரிக்கராகிய கிறீன் வைத்தியர், உடற்கூற்று நூலைத் தமிழாக்கினார். அவர் இத்துறைக்கு வழங்கிய பெயர் அங்காதிபாதம். இன்றைய மாணவருக்கு அது கடினமாகத் தோன்றலாம். எனினும் அத்துணிவு போற்றத்தக்கது.

இனி, தளங்கள் மூன்று. வலம் இடமாகப் பிரிப்பது நெடுக்குத் தளம். இலத்தீனில் அம்பைக் குறிக்குஞ் சொல்லிலிருந்து இதன் மேனாட்டுப் பெயர் பிறந்தது. முன் பின்னாகப் பிரிப்பது முடித் தளம். மேல் கீழாகப் பிரிப்பது குறுக்குத் தளம். கத்தியின்றியே உடலைக் குறுக்குத் துண்டங்களாகக் காட்டும் சீ.ரி. படங்களில், நோயாளியின் காற்புறம் நின்று மேல்நோக்குவதாகவே காட்சி அமையும். ஆகவே படத்தின் இடப்பக்கம் நோயாளியின் வலப்பக்கமாகும். நெஞ்சின் எக்ஸ் கதிர்ப் படத்திலும் அவ்வாறே. அதில் வலம் அல்லது இடம் என்னும் அடையாளமும் பொறிக்கப்படும்.

இத்துணைக் காவலிருந்தும் பிழை நேர்வதுண்டு. மயக்கமருந்து கொடுக்குமுன், சத்திர சிகிச்சைக்குரிய இடத்தை நோயாளியிடமே கேட்டு உறுதிசெய்யுமாறும், அங்கு குறியிடப்பட்டுள்ளதா எனப் பார்க்குமாறும், உலக சுகாதார நிறுவனம் 2008ஆம் ஆண்டில் வெளியிட்ட சரிபார்ப்புப் பட்டியல் கூறுகின்றது. அவ்வேளை ‘இந்தப் பக்கம்’ என்று கூறி நில்லாது, ‘எனது இடப்பக்கம்’ எனத் தொட்டுக் காட்டி உரைத்தல் நன்று.